சாயவேரும் சாத்திரமும்: ஒரு செந்நிறத்தின் சமூக வரலாறு

1

விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நூல்களிலிருந்தே தொடங்குகின்றனர். எழுதியவரின் பெயரும் அச்சேறிய ஆண்டும் தெரிந்திருக்கும்போது ஓர் அறிவின் பிறப்பை நிர்ணயிப்பது எளிதாகிறது. ஆனால் எழுத்தறிவற்றோர் கையாண்ட அறிவுக்கு இத்தகைய பிறப்புச் சாட்சிப் பத்திரம் கிடைப்பதில்லை. உற்பத்தியில் ஈடுபட்ட மக்களின் கைகளிலே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த அறிவானது, வேறொருவர் வந்து அதை எழுதி வைக்கும் நாளிலேதான் 'கண்டுபிடிக்கப்பட்டதாக'க் கருதப்படுகிறது. இம்மயக்கத்தை ஆராய்வதற்குச் சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகளும், அவற்றுக்குச் செந்நிறம் தந்த சாயவேரும் மிகப் பொருத்தமானவை.

இலண்டனிலுள்ள விக்ரோறியா அல்பேட் நூதனசாலையில், 17ஆம் 18ஆம் நூற்றாண்டுகளில் இக்கரையிலே தீட்டப்பட்ட பருத்தித் துணிகள் பல பேணப்படுகின்றன. ஐரோப்பியரின் கட்டில்களுக்குத் திரையாகவும், சீமாட்டிகளின் மேலங்கியாகவும் பயன்பட்டவை அவை. பல்லாண்டு வெயிலுக்கும் சலவைக்கும் ஈடுகொடுத்த பின்னரும் அவற்றின் சிவப்பு இன்றும் சிவப்பாகவே நிற்கிறது. இந்நிறத்தை அறிந்தவர் யார்? அவ்வறிவு எவ்வாறு ஐரோப்பிய விஞ்ஞானத்தின் உடைமையாயிற்று? அவ்வாறு கைமாறியபோது எது சென்றது, எது நின்றுவிட்டது? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

2

சாயவேர் என வழங்குவது இம்பூறல் என்னும் சிறு பூண்டின் வேராகும். சித்த மருத்துவர் இரத்தம் கக்கும் நோய்க்கு மருந்தாகக் கூறும் இம்பூறலும் இதுவே. ஐரோப்பாவிலே செந்நிறச் சாயத்துக்காகப் பயிரிடப்பட்ட மஞ்சிட்டி இனமும் இதுவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பூண்டு சிறிதாயினும் அதன் வேர் மெலிந்து நீண்டு மணலுள் ஆழமாகச் செல்வது. சாயம் பெரும்பாலும் வேரின் பட்டையிலேயே அடங்கியிருக்கிறது. கிருஷ்ணா நதியின் கழிமுகம் தொடக்கம் தெற்கே இராமநாதபுரம் வரையிலும், பாக்கு நீரிணைக்கு இப்பால் மன்னார், யாழ்ப்பாணம், அதனைச் சூழ்ந்த தீவுகள் ஆகியவற்றிலும் உள்ள மணற்றரைகள் இதன் விளைநிலங்களாகும்.

மசூலிப்பட்டினத்திலே ஆங்கிலக் கம்பனியின் வணிகராக இருந்த உவில்லியம் மெத்வோல்டு என்பார், கோல்கொண்டா இராச்சியம் பற்றி எழுதி 1626இல் அச்சேறிய விவரணத்திலேயே இச்செவ்வேரைக் குறிப்பிடுகின்றார். ஐரோப்பிய வணிகர் இத்துணை விரைவில் இவ்வேரைக் கவனித்தமைக்குக் காரணம் உண்டு. கிழக்கிந்தியத் தீவுகளிலே மிளகையும் கராம்பையும் சாதிக்காயையும் கொள்வதற்கு வெள்ளியைக் காட்டிலும் விரும்பப்பட்ட பண்டம் சோழமண்டலத் துணியேயாகும். துணிக்கு மதிப்பளித்தது அதன் நிறம். நிறத்துக்கு மூலம் வேர். ஆகவே வாசனைத் திரவிய வாணிபத்தின் அடித்தளத்தில் மணலைக் கிண்டி வேர் பறித்த மக்களின் உழைப்பு மறைந்து கிடந்தது எனல் மிகையாகாது.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி இவ்வுண்மையை நன்குணர்ந்திருந்தது. ஒல்லாந்த அதிகாரிகள் தமக்குப் பின் பதவியேற்போருக்கு எழுதிவைத்துச் சென்ற நினைவுக் குறிப்புகளிலே, யானை, முத்து, சங்கு முதலிய வருவாய் இனங்களின் வரிசையில் சாயவேரும் இடம்பெறுகிறது. இவ்வேரைக் கம்பனி தன் ஏகபோக உரிமையாக வைத்துக்கொண்டது. அதனைத் தோண்டும் வேலை விரும்பியோர் செய்யும் தொழிலாக இருக்கவில்லை. குறித்த சில குடிகள் மீது பிறப்புவழிக் கடமையாக அது சுமத்தப்பட்டிருந்தது. அவர்கள் தோண்டிய வேரைக் கம்பனி தானே நிர்ணயித்த விலைக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது. பழைய சாதிமுறையின் ஊழிய ஒழுங்கினைப் புதிய வணிக முதல் அழிக்கவில்லை. அதனைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக் கொண்டது. ஆங்கிலேயர் ஆட்சி ஏற்பட்ட பின்னரும் இவ்வொழுங்கு உடனே மறைந்துவிடவில்லை. 1817இல் வெளிவந்த, இலங்கையின் விவசாய வணிக நிதி நலன்கள் பற்றிய பேட்டலாச்சியின் நூலிலும் சாயவேர் அரசாங்க வருவாய் இனமாகவே பேசப்படுகிறது.

வேரின் தரத்தை மதிப்பிடுவதற்கு ஆழ்ந்த பயிற்சி வேண்டும். எந்த மணலில் முளைத்தது, காட்டுவேரா பயிரிட்ட வேரா, எவ்வளவு முதிர்ந்தது என்பனவெல்லாம் நிறத்தைப் பாதிப்பன. பூண்டின் தோற்றத்தைக் கொண்டு மண்ணுக்குள் உள்ள வேரை மதிப்பிடுவதும், ஒடியாமல் அதனை முழுமையாகப் பறிப்பதும் தோண்டுவோரின் அறிவாகும். எனினும் பின்னர் நாம் காணப்போகும் ஐரோப்பிய ஆய்வாளரின் கவனம் துணி தீட்டுவோரோடு நின்றுவிட்டது. வேர் பறித்தோர் அவர்களுடைய எழுத்திலே கருவியாகக்கூட இடம்பெறவில்லை.

3

இனி, இவ்வேரிலிருந்து நிறம் எவ்வாறு பெறப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். வேரை நீரிலிட்டுக் காய்ச்சி அதில் வெறும் பருத்தித் துணியைத் தோய்த்தால் நிலையான சிவப்பு வாராது. மங்கிய ஒரு கறையே தோன்றிச் சலவையில் அகன்றுவிடும். நூலுக்கும் சாயத்துக்கும் இடையே இரண்டையும் பற்றிப் பிணிக்கும் மூன்றாவது பொருளொன்று வேண்டும். இரசாயனவியலார் இதனை நிறமூன்றி என்பர். சிவப்புக்கு நிறமூன்றியாவது படிகாரம். நம்மவர் பேச்சில் சீனக்காரம். கறுப்புக்குப் பயன்பட்டது இரும்பு.

சீட்டித் துணி தீட்டும் முறை நெடியது. முதலில் வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் உலர்த்தி, மரப்பலகையின் மீது வைத்து வழவழப்பாகும்வரை கொட்டாப்புளியால் அடிப்பர். கடுக்காயின் துவர்ப்புச் சத்து பின்னர் இடப்படும் படிகாரத்தையும் இரும்பையும் நூலோடு பிணிக்கும். பாலின் கொழுப்பு தீட்டும் கோடு பரந்து கசியாமற் காக்கும். அடுத்து, துளையிட்ட தாளின் மீது கரித்தூளைத் தட்டிச் சித்திரத்தின் வடிவைத் துணியிற் பதிப்பர். துருவேறிய இரும்பைப் புளித்த நீரில் ஊறவைத்துப் பெற்ற கரைசலால் கறுப்புக் கோடுகளையும், படிகாரக் கரைசலால் சிவப்பாக வேண்டிய கோடுகளையும் மூங்கில் எழுதுகோல் கொண்டு வரைவர்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. படிகாரக் கரைசல் நிறமற்றது. எங்கே எழுதினோம், எங்கே விட்டோம் என்பது கண்ணுக்குப் புலப்படாது. இதற்கெனச் சப்பங்கிக் கட்டையின் சாற்றைச் சிறிது அதனோடு கலப்பர். அச்சாறு தரும் தற்காலிகச் சிவப்பு கைக்கு வழிகாட்டிவிட்டுப் பின்னர் சலவையிலே போய்விடும். அழியப்போகும் நிறத்தைக் கொண்டு அழியா நிறத்துக்கு இடம் குறித்த இவ்வுத்தி, தான் செய்வது யாதென்பதைத் தெளிவாக அறிந்த ஒரு கையின் உத்தியாகும்.

பின்னர் சாயவேர்ப் பொடியிட்ட நீரில் துணியை மெல்ல மெல்லச் சூடேற்றித் தோய்ப்பர். துணி முழுவதும் சாயத்துள் மூழ்கினும் படிகாரம் பட்ட இடங்களே செந்நிறத்தை நிலையாகக் கொள்ளும். ஏனைய இடங்களில் ஏறிய கறையை ஆட்டுச் சாணம் கலந்த நீரில் ஊறவைத்தும், நாட்கணக்காக வெயிலில் விரித்து நீர் தெளித்தும் போக்குவர். அதன்பின், நீலமாக வேண்டிய பகுதிகள் நீங்கலாக மற்றைய இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியிலே தோய்ப்பர். வெந்நீரில் மெழுகை அகற்றிவிட்டு, வெவ்வேறு செறிவுடைய படிகாரக் கரைசல்களைத் தீட்டி மீண்டும் சாயவேரிலே தோய்த்தால், ஒரே சாயத்தினின்று கடுஞ்சிவப்பும் இளஞ்சிவப்பும் தோன்றும். படிகாரத்தோடு இரும்பைக் கலந்தால் ஊதா பிறக்கும். இறுதியாக மஞ்சள் தீட்டப்படும். நீலத்தின் மீது மஞ்சள் ஏற்றினால் பச்சையாகும். மஞ்சள் நிலையற்றதாதலின், பழைய துணிகளில் இலைகள் பச்சை நீங்கி நீலமாகக் காணப்படுவதுண்டு.

இம்முறையில் இரு நுட்பங்கள் சிறப்பாக நோக்கற்பாலன. ஒன்று நீர். எல்லாக் கிணற்று நீரும் இத்தொழிலுக்கு உகந்ததன்று. சாயக்காரர் நீரை வாயிலிட்டுச் சுவைத்து, ஒருவகைக் கரகரப்பு உடையதையே தெரிந்தெடுத்தனர். சாயவேரின் செம்பொருளாகிய அலிசரின், அலுமினியத்தோடு மட்டுமன்றிக் கல்சியத்தோடும் சேரும்போதே உறுதியான சிவப்புச் சேர்வை உண்டாகிறது என்பதை 20ஆம் நூற்றாண்டின் ஆய்வுகள் தெளிவாக்கின. சுண்ணாம்பு கலந்த நீரையும் சிப்பி மண்டிய மணலையும் சாயக்காரர் போற்றியமைக்குக் காரணம் இதனாற் புலனாகிறது. மற்றொன்று, சாயவேரோடு காயா இலையைச் சேர்க்கும் வழக்கம். காயா இனம் மண்ணிலுள்ள அலுமினியத்தைத் தன் இலைகளிலே பெருமளவில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. அதாவது அவ்விலையே ஒரு நிறமூன்றியாகப் பயன்பட்டது. அலுமினியம் என்ற பெயரும் கல்சியம் என்ற பெயரும் உலகில் வழங்குவதற்கு முன்னரே அவை ஆற்றும் செயலை இம்மக்கள் நாவாலும் கண்ணாலும் அளந்து வைத்திருந்தனர்.

இதைக் கொண்டு, உலகிலே நிறமூன்றியை முதலில் அறிந்தோர் நாமே எனப் பெருமை பாராட்டுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. நிறமற்ற மருந்துகளைத் துணியிலே பூசி ஒரே கொப்பரையில் இட்டுப் பல நிறங்களோடு எடுக்கும் எகிப்தியரின் வித்தையைக் கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமரான பிளினி விவரித்துள்ளார். மொகஞ்சதாரோவிலே கிடைத்த பருத்தித் துணித்துண்டு ஒன்றும் இத்தகைய செஞ்சாயம் ஊட்டப்பட்டதாகும். ஐரோப்பியரும் படிகாரத்தையும் மஞ்சிட்டியையும் கம்பளிக்கு நெடுங்காலம் பயன்படுத்தியோரே. கம்பளியைப் போல எளிதில் சாயம் ஏற்காத பருத்தியின் மீது, கோட்டளவு நுட்பத்தோடு, பல நிறங்களை அழியாவண்ணம் அமைக்கும் முழுமையான தொழில்முறையே அவர்களிடம் இல்லாதிருந்தது.

4

17ஆம் நூற்றாண்டிலே இத்துணிகள் ஐரோப்பாவில் பெரும் மோகத்தை உண்டாக்கின. மார்செயில் துறையிலே 1648 அளவில் இவற்றைப் போன்று அச்சிடும் முயற்சி தொடங்கிவிட்டது. ஆர்மீனியர் சிலரும் அங்கு வந்து தம் தொழில்நுட்பத்தைக் கற்பித்தனர். சொந்த நாட்டுப் பட்டு, கம்பளி உற்பத்தியாளர் இப்போட்டியை எதிர்த்துக் கிளர்ந்தெழவே, பிரெஞ்சு அரசு 1686இல் சீட்டித் துணியின் இறக்குமதியையும் உள்நாட்டு அச்சுத்தொழிலையும் ஒருங்கே தடைசெய்தது. இங்கிலாந்து 1701இலும் 1721இலும் தடைச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிரான்சின் தடை 1759இலேயே நீங்கியது. மறு ஆண்டே ஓபர்கம்ப் என்பார் ஜூயி என்னும் ஊரில் தொடங்கிய அச்சாலை பின்னர் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றது.

தடையினால் மோகம் தணியவில்லை. சட்டத்தை மீறி அணிவோர் பெருகினர். நுகர்வு இருந்தும் உற்பத்தி விலக்கப்பட்டிருந்த இக்காலத்திலேயே சோழமண்டலச் சாயக்காரரின் முறையை அறியும் ஆர்வம் பிரான்சின் அறிஞர் மத்தியில் வலுப்பெற்றமை தற்செயலன்று. தடை என்றோ ஒரு நாள் நீங்கும். அன்று அத்தொழிலை யார் கையில் வைத்திருப்பது என்பதே கேள்வியாக இருந்தது.

5

இவ்வார்வத்தின் விளைவாகத் தோன்றிய இரு ஆவணங்கள் இன்று இத்துறையின் மூலாதாரங்களாக மதிக்கப்படுகின்றன. முதலாவது, பொலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1734 அளவில் புதுச்சேரியிலே எழுதிய கையெழுத்துப்படி. இதனை வேண்டியவர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்து உறுப்பினரான தூ ஃபே ஆவார். மின்னேற்றம் இருவகைப்படும் என்று 1733இல் கூறியவரும் இவரே. சாயத்தொழிலைப் பரிசீலிக்கும் பொறுப்பையும் அரசு இவரிடம் ஒப்படைத்திருந்தது. பொலியூ செய்த காரியம் எளிமையானது. ஆனால் மிகுந்த நுண்மதியைக் காட்டுவது. அவர் ஒரு துணியோவியனைத் தம் கண்முன்னே வேலை செய்வித்து, ஒவ்வொரு படிமுறையும் முடிந்தவுடன் துணியில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் குறிப்போடு இணைத்தார். இவ்வாறு அமைந்த 11 துண்டுகள் பாரிஸ் இயற்கை வரலாற்று நூதனசாலையிலே பேணப்பட்டுள்ளன. சொல்லால் விளக்கவியலாததைப் பொருளே விளக்குமாறு அமைத்த இம்முறையை ஒரு பரிசோதனைப் பதிவு என்றே கூறலாம்.

இரண்டாவது, யேசு சபைக் குருவான கேர்தூ 1742 ஜனவரி 18ஆந் தேதியிட்டு எழுதிய நீண்ட கடிதம். யேசு சபையாரின் கடிதத் தொகுதியில் அடுத்த ஆண்டே இது அச்சேறியது. சமஸ்கிருதம், இலத்தீன், கிரேக்கம் ஆகியவற்றிடையே உள்ள ஒற்றுமையைப் பிற்காலத்தில் எடுத்துக்காட்டிய மொழியறிஞராகவும் இவர் அறியப்படுகின்றார். தம்மிடம் ஞானஸ்நானம் பெற்றோருள் சாயக்காரர் சிலர் இருந்தமையால், ஓய்வு நேரங்களில் அவர்களைத் தனித்தனியே பலமுறை வினவி, ஒருவர் கூற்றை மற்றவர் கூற்றோடு ஒப்பிட்டு, இக்கடிதத்தை எழுதியதாக அவரே கூறுகின்றார். கடுக்காய், எருமைப்பால், சாயவேர், காயா இலை, சப்பங்கி, நீரின் சுவை என யாவும் இக்கடிதத்திலே இடம்பெறுகின்றன. தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்திலே உருமாறித் தோன்றுவதைக் காண்கையில், தொழிலாளரின் வாய்மொழி அப்படியே தாளில் இறங்கியிருப்பதை உணரலாம். பியர் புவாவ்ர் என்பாரோடு நிகழ்ந்த கருத்துப் பரிமாற்றத்தையொட்டி, 1747இல் இன்னொரு கடிதத்தினால் கேர்தூ இதனை மேலும் திருத்தமாக்கினார்.

கேர்தூவின் நேர்மையை நாம் ஐயுற வேண்டியதில்லை. தான் கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. அவர் கைக்கொண்ட வினாவும் ஒப்பீடும் சிறந்த ஆராய்ச்சி முறையேயாகும். ஆயினும் சில உண்மைகளை நாம் கவனியாதிருத்தல் இயலாது. வினவியவர் குரு, விடையளித்தோர் அவருடைய ஆன்மிக அதிகாரத்துக்கு உட்பட்ட மக்கள். அவர்கள் சொன்னது அவர்களுடைய பிழைப்பு. கடிதத்திலே எழுதியவரின் பெயர் நிற்கிறது; சொன்னவருள் ஒருவர் பெயர்தானும் இல்லை. பொலியூவின் 11 துண்டுகளும் உள்ளன. அவற்றைத் தீட்டிய கைக்கு உரியவர் யாரென்பது அவற்றிலே இல்லை.

6

இதே போக்கினை அந்நூற்றாண்டின் இறுதியிலே தாவரவியலிலும் காண்கின்றோம். ஸ்கொத்லாந்து மருத்துவரான உவில்லியம் உரொக்ஸ்பரோ, ஆங்கிலக் கம்பனியின் சேவையில் சோழமண்டலக் கரையின் வடபகுதியிலுள்ள சாமல்கோட்டையிலே பணியாற்றிப் பின்னர் 1793இல் கல்கத்தாத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய அவரது பெருநூல் 1795 முதல் இலண்டனில் வெளிவரலாயிற்று. அதன் முதற்றொகுதியிலேயே சாயவேர்ப் பூண்டு படத்தோடு இடம்பெறுகிறது. அதனைப் பயிரிடும் முறையும் அதனாற் சாயமிடும் முறையும் அங்கு விரிவாகக் கூறப்படுகின்றன.

அந்நூலின் 300 படங்களும் இந்திய ஓவியர் உரொக்ஸ்பரோவுக்கு வரைந்து கொடுத்த சித்திரங்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவை. அவற்றின் பிரதிகளுக்கு இலண்டனிலே கையால் வண்ணம் தீட்டப்பட்டது. அவ்வோவியரின் பெயர்களும் நூலில் இல்லை. துணியிலே கொடியும் மலரும் எழுதியோரும், தாளிலே வேரும் இலையும் எழுதியோரும் ஆகிய இரு திறத்தாரும் ஒருங்கே பெயரிழந்தனர். பூண்டுக்கு இலத்தீனிலே இருசொற் பெயர் கிடைத்தது. பெயர் சூட்டும் உரிமை உடையோரும் பெயரே அற்றோரும் என்னும் இப்பிரிவு, அக்கால அறிவுலகின் உற்பத்தி உறவுகளை நன்கு புலப்படுத்துகிறது.

7

அங்ஙனமாயின் ஐரோப்பிய விஞ்ஞானம் தன் பங்குக்கு எதனையும் செய்யவில்லையா? அவ்வாறு கூறுவதும் தவறாகும். சாயக்காரர் 'இவ்வாறு செய்க' என்று அறிந்திருந்தனர், 'ஏன் இவ்வாறு?' என்ற வினாவை எல்லாத் துணிக்கும் எல்லாச் சாயத்துக்கும் பொதுவாக்கி எழுப்பியது இரசாயனவியலேயாகும். தூ ஃபே நிறங்களை வெயிலில் வைத்து அவற்றின் உறுதியைச் சோதித்தார். அவருக்குப் பின் வந்த எலோ, 1750இல் வெளியிட்ட நூலில், நூலின் நுண்டுளைகளிலே சாயத்துணுக்குகள் புகுந்து அடைபடுகின்றன என்ற பொறிமுறை விளக்கத்தைத் தந்தார். நிறமூன்றிக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரும் 'கடிப்பது' என்ற பொருளுடையதே. பெர்தொலே 1791இல் வெளியிட்ட சாயவியல் நூலில் இவ்விளக்கத்தைத் தள்ளி, நூலுக்கும் நிறமூன்றிக்கும் சாயத்துக்கும் இடையேயுள்ள இரசாயன நாட்டமே காரணம் என வாதித்தார். எட்வேட் பாங்க்ரொவ்ட் 1794இல், தாமே பற்றும் நிறங்கள், துணைகொண்டு பற்றும் நிறங்கள் என இரு வகுப்பை நிறுவினார். இவை உண்மையான முன்னேற்றங்கள்.

ஆயினும் இக்கொள்கைகளுக்கு வேண்டிய மூலச் செய்திகளை யார் சேர்த்து வைத்தனர் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். செறிவு மாறினால் நிறம் மாறும், இரும்பு கலந்தால் ஊதாவாகும், நீர் மாறினால் சிவப்பு கெடும் என்பன யாவும் கொள்கைக்கு முந்திய பரிசோதனை முடிவுகளே. பரிசோதனைச் சாலை என்ற பெயர் அச்சாயக் கொட்டில்களுக்கு இருக்கவில்லை, அவ்வளவே வேறுபாடு.

இன்னொன்றும் கூறல் வேண்டும். இவ்விவரணங்களைப் படித்தமையால் மட்டும் ஐரோப்பிய அச்சாலைகள் வெற்றியடையவில்லை. கையால் தீட்டும் நெடிய முறையை அவை பின்பற்றவுமில்லை. நிறமூன்றியைப் பசையோடு கலந்து மர அச்சினாலும் பின்னர் செப்புத் தகட்டினாலும் பதித்தன. சாயவேருக்குப் பதிலாகத் தம் நாட்டு மஞ்சிட்டியையே பயன்படுத்தின. சாயவேரை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பார்த்த முயற்சிகள் நிலைபெறவில்லை. எனவே இங்கிருந்து சென்றது ஒரு செய்முறைப் பட்டியலன்று. ஒரே சாயத்தினின்று பல நிறங்களைப் பருத்தியிலே நிலையாகப் பெறலாம் என்ற நிரூபணமே சென்றது. சாத்தியம் நிரூபிக்கப்பட்ட பின்னர், மூலதனமும் இயந்திரமும் தமக்குரிய வழியைத் தாமே தேடிக்கொண்டன.

8

முடிவு விரைந்து வந்தது. 1826இல் உரொபிக்கே, கொலின் ஆகிய பிரெஞ்சு இரசாயனவியலார் மஞ்சிட்டி வேரிலிருந்து அலிசரினைப் பிரித்தெடுத்தனர். 1868இல் கிரேபே, லீபர்மான் ஆகிய ஜேர்மனியர் அதனை நிலக்கரித் தாரிலுள்ள பொருளொன்றிலிருந்து தொகுத்தனர். மறு ஆண்டே தொழிற்சாலை உற்பத்திக்கு வழி திறந்தது. பிரான்சிலும் ஒல்லாந்திலும் மஞ்சிட்டி பயிரிட்ட விவசாயிகள் சில ஆண்டுகளுக்குள் அப்பயிரைக் கைவிட நேர்ந்தது. இங்கே சாயவேருக்கும் அக்கதியே நேர்ந்தது. 1893இல் பேர்க்கின், ஹம்மெல் ஆகியோர் சாயவேரை ஆராய்ந்து, அதன் செம்பொருளும் அலிசரினே என நிறுவினர். தொழில் மடியும் வேளையிலேதான் அதன் மூலப்பொருள் பரிசோதனைச் சாலையை முறைப்படி அடைந்தது.

இவ்வரலாற்றில் அந்நியரை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் அமைதியடைய முடியாது. கேர்தூ பாதிரியார் எழுதுகோலோடு சாயக்காரரை நாடிச் சென்றார். நம்மவரின் எழுத்தாணி சென்றதா? புராணமும் பிரபந்தமும் இலக்கணமும் ஏட்டிலேறிய அதே நூற்றாண்டுகளில், சாயக் கொட்டிலும் வேர் தோண்டும் மணற்றரையும் கற்றோரின் கவனத்துக்கு உரியனவாகப் பெரும்பாலும் கருதப்படவில்லை. கையால் உழைப்போர் எழுதக் கூடாதவராகவும், எழுதுவோர் கையால் உழைக்கக் கூடாதவராகவும் வகுத்து வைத்த சமுதாயத்தில், அறிவு குடிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. குடியின் தொழில் அழிந்தபோது அறிவும் உடன் அழிந்தது. கம்பனி விதித்த ஏகபோகத்துக்கு முன்னரே சாதி விதித்த ஏகபோகம் ஒன்று இங்கு இருந்தது. முன்னது உழைப்பின் பயனைக் கவர்ந்தது. பின்னது உழைப்போரின் அறிவைப் பொதுவாகாமல் தடுத்தது. இரண்டையும் சேர்த்தே நோக்கினாலன்றி இவ்வரலாறு முழுமை பெறாது.

இன்று அலிசரின் கண்ணாடிப் புட்டியிலே கிடைக்கிறது. அதன் மூலக்கூறு இழக்கப்படவில்லை. நீரைச் சுவைத்தே சிவப்பின் தரத்தை முன்னறிந்த நாவும், பூண்டைக் கண்டே வேரை அளந்த கண்ணுமே இழக்கப்பட்டன. தமிழர் விஞ்ஞான வரலாற்றை எழுத முற்படுவோர் ஏடுகளை மட்டும் நாடினால், ஏட்டில் இடம் மறுக்கப்பட்டோரை மீண்டும் ஒருமுறை விலக்கியவராவர். துணி, வேர், கிணறு, கடமைப் பதிவேடு, தொழிற்சொல், ஊர்ப்பெயர் ஆகியனவும் ஆவணங்களே. அவற்றைப் படிக்கும் முறையை வகுத்துக்கொள்வது நம் பல்கலைக்கழகங்களின் கடனாகும். ஏனெனில், அழியாத அச்செந்நிறமே அதனை ஆக்கியோர் நமக்கு விட்டுச்சென்ற கையொப்பமாகும்.